வயிற்றுக்கும் ஒரு நேரசூசி உண்டு

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் உணவுக்கால்வாயின் பாகங்களை வரிசை தவறாமல் சொல்லிவிடுவோம். வாய், தொண்டை, களம், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், நேர்குடல், குதம். பெப்சின் எங்கே சுரக்கிறது, பித்தம் எங்கே சேமிக்கப்படுகிறது, சடைமுளைகள் எதற்காக விரல் போல நீண்டிருக்கின்றன என்று அமைப்புக் கட்டுரை வினாவுக்கு விடை எழுதிப் புள்ளியும் வாங்குவோம். ஆனால் அந்தப் பாடம் நடக்கும் வகுப்பறையிலேயே நான்கைந்து பேர் காலையில் எதுவும் சாப்பிடாமல் அமர்ந்திருப்பார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்திருப்பாள். என்னவென்று கேட்டால் "கேஸ்ட்ரிக்" என்பாள். ஆசிரியையும் ஒரு மாரி பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்.

இதைப் பற்றி எழுதினால் "பிள்ளைகள் காலைச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும்" என்ற அறிவுரையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அந்த அறிவுரையை முதலாம் தரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். என்னுடைய கருத்து வேறு. எங்கள் சமிபாட்டுத் தொகுதிக்கு ஒரு நேரசூசி இருக்கிறது. பாடசாலையும் பிரத்தியேக வகுப்பும் வீடும் சேர்ந்து போட்டிருக்கும் நேரசூசியோ அதற்கு நேர் எதிராக ஓடுகிறது. மாணவியின் சோம்பலையோ நாக்கின் ருசியையோ குறை சொல்வதற்கு முன்னர் பெரியவர்கள் இந்த இரண்டு நேரசூசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் ஓர் உயர்தர மாணவியின் நாளை எடுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு எழுந்து, சுபஹ் தொழுது, சீருடை போட்டு, ஆறேகாலுக்கெல்லாம் வான் வாசலில் ஹோர்ன் அடிக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஏறும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் முந்தி. ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகிறது. பத்தரை மணியளவில் இருபது நிமிட இடைவேளை. ஒன்றரைக்கு மணி அடித்ததும் அதே சீருடையோடு வெள்ளவத்தைக்குப் போய், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஏதோ ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், நூறு பேரோடு பௌதிகவியல் வகுப்பு. அங்கிருந்து வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். அந்த நாளின் முதலாவது முழுச் சாப்பாடு இரவு ஒன்பது மணிக்குத் தட்டில் விழுகிறது. உம்மா பாசத்தோடு இரண்டு அகப்பை கூடுதலாகவே போடுவார்.

இனி வயிற்றின் நாளைப் பார்ப்போம்.

சமிபாடு வாயில் தொடங்குகிறது என்று பாடநூல் சொல்கிறது. உண்மையில் அது அதற்கும் முன்னாலேயே, மூக்கிலும் கண்ணிலும் தொடங்கிவிடுகிறது. ரஷ்ய உடற்றொழிலியலாளர் இவான் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காகத்தான்; நாயும் மணியும் பிறகுதான் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டன. உணவின் மணமும் நினைப்பும் மட்டுமே இரைப்பைச் சாற்றைச் சுரக்கச் செய்யும் என்று அவர் காட்டினார். காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வாங்கில் யாராவது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாலே போதும், சம்பலின் மணத்துக்கு எங்கள் இரைப்பை வேலைக்கு ஆயத்தமாகிவிடும். ஐதரோகுளோரிக் அமிலம் வந்துவிடும். வேலைதான் வராது.

வெறும் வயிறு சும்மா இருக்கும் என்று நினைப்பதும் தவறு. உணவு இல்லாத நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஒரு வலிமையான சுருக்க அலை ஓடுகிறது. முந்திய சாப்பாட்டின் மிச்சங்களைக் கூட்டித் தள்ளும் வேலை அது. பரீட்சை மண்டபத்தின் அமைதியில் எல்லோருக்கும் கேட்கும்படி வயிறு உறுமுவது பெரும்பாலும் இந்தக் கூட்டிப்பெருக்கும் சத்தம்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலை உணவுக்குத் திரும்புவோம். அதன் முக்கியத்துவம் சக்தியோடு மட்டும் முடிவதில்லை. இரைப்பைக்குள் உணவு விழுந்து அது விரியும்போது ஒரு நரம்புச் செய்தி பெருங்குடலுக்குப் போகிறது. "மேலே சரக்கு வந்திருக்கிறது, கீழே இடம் விடு" என்பது போன்ற செய்தி. பெருங்குடல் பெரிதாகச் சுருங்கி உள்ளடக்கத்தை நேர்குடலுக்குத் தள்ளுகிறது. இரவுத் தூக்கத்துக்குப் பின், காலைச் சாப்பாட்டை அடுத்த அரை மணித்தியாலத்தில் இந்தச் செயல் மிகவும் வலுவாக இருக்கும். அதாவது உடல் காலைக்கடனுக்கென்று குறித்து வைத்திருக்கும் நேரம், எங்களில் பலருக்கு வானுக்குள்ளே, ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு முன்னால் வந்து போகிறது. சாப்பிடாமல் வந்தவளுக்கு அது வலுவாக வருவதே இல்லை.

அடக்கினால் என்ன ஆகும்? பெருங்குடலின் பிரதான வேலைகளில் ஒன்று நீரை உறிஞ்சுவது. ஒரு நாளைக்கு நாம் குடிப்பதும், உமிழ்நீர், இரைப்பைச்சாறு, பித்தம், சதையச்சாறு, குடற்சாறு என உடல் சுரப்பதுமாகச் சேர்த்து ஏறத்தாழ 9 லீற்றர் திரவம் உணவுக்கால்வாய்க்குள் இறங்குகிறது. அதில் சுமார் 100 முதல் 200 மில்லிலீற்றர் மட்டுமே வெளியேறுகிறது. மிகுதி அத்தனையையும் சிறுகுடலும் பெருங்குடலும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. கழிவு எவ்வளவு நேரம் உள்ளே காத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதிலிருந்து நீர் எடுக்கப்படும், அது இறுகும். இறுகினால் வெளியேறும்போது வலிக்கும். வலிக்கும் என்ற பயத்தில் அடுத்த தடவையும் அடக்கத் தோன்றும். இப்படி அடக்கி அடக்கி, நேர்குடல் விரிந்த நிலைக்குப் பழகிவிட்டால், "போக வேண்டும்" என்ற உணர்வே மங்கிப் போகிறது. மலச்சிக்கல் என்ற ஏழெழுத்து விடயத்துக்குப் பின்னால் இவ்வளவு நடக்கிறது.

இது எங்கள் நாட்டில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பதைக் கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ஷமன் ரஜீந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 10 முதல் 16 வயது வரையான இலங்கைப் பாடசாலை மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. அதில் 15.4 சதவீதமானோருக்கு மலச்சிக்கல் இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பென்றால் ஆறு பேர். குடும்பத்தில் வேறு யாருக்காவது அந்தப் பிரச்சினை இருந்த பிள்ளைகளிடமும், நகர்ப்புறப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளிடமும், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் வாழ்ந்த பிள்ளைகளிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது.

இதில் கடைசிக் காரணத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஷெல் விழுந்த ஊரில் வளர்ந்த ஒரு பிள்ளையின் குடலுக்கும் அந்த யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. உணவுக்கால்வாயின் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்புக் கலங்களைக் கொண்ட தனியான ஒரு வலையமைப்பு இருக்கிறது. மூளையோடு அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. பயமும் பதற்றமும் வரும்போது பரிவு நரம்புத் தொகுதி ஓங்கி, "இப்போது ஓடித் தப்புவதுதான் முக்கியம், சமிபாடு பிறகு" என்று இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வருடக்கணக்காக என்றால்? இதே ஆய்வாளர்கள் வயிற்றுவலி பற்றிச் செய்த இன்னோர் ஆய்விலும், மன அழுத்தம் தரும் அனுபவங்களுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் வேறு நோய் எதுவும் கண்டுபிடிக்க முடியாத வயிற்றுவலி அதிகமாக இருந்தது.

மனமும் வயிறும் பேசிக்கொள்வதை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர்களுள் ஒருவர் வில்லியம் போமொன்ட் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். 1822 ஜூன் 6ஆம் திகதி மக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. போமொன்ட் அந்த ஓட்டையினூடாகப் பட்டு நூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை உள்ளே இறக்கி, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் வெளியே இழுத்துப் பார்த்தார். சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் வைத்து வெதுவெதுப்பாக வைத்திருந்தாலும் அது இறைச்சியைக் கரைத்தது. சென் மார்ட்டின் கோபமாகவோ குழப்பமாகவோ இருந்த நாட்களில் சமிபாடு குழம்பியதையும் அவர் குறித்து வைத்தார். 1833இல் புத்தகமாக வெளிவந்தது. (அந்த ஏழைத் தொழிலாளிக்கு இதெல்லாம் பிடித்திருக்கவில்லை, தன்னை விட்டால் போதும் என்று ஊருக்கு ஓடியும் இருக்கிறார். பாடநூலில் வைத்தியரின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.)

ஆகவே, "பரீட்சை முடியும் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம்தானே" என்று சொல்லும் பெற்றோருக்கு என் பதில் இதுதான்: வயிறு பரீட்சைக்கு வெளியே நிற்கவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க அதற்குத்தான் முதலில் தெரிகிறது. மாதிரி வினாத்தாள் நாளில் மலசலகூடத்துக்கு மூன்று முறை ஓடும் தோழியும், அதே வாரம் முழுதும் ஒரு தடவைகூடப் போகாத தோழியும் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே காரணத்தால்தான் அவதிப்படுகிறார்கள்.

இப்போது "கேஸ்ட்ரிக்" என்ற சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் அது "இரைப்பைக்குரிய" என்ற பொருள் தரும் ஒரு பெயரடை மட்டுமே, நோயின் பெயர் அல்ல. ஆனால் நாங்கள் அதை ஒரு போர்வையாக வைத்திருக்கிறோம். நெஞ்செரிவு, வாயு, வயிற்றுப்பொருமல், மலச்சிக்கல், மாதாந்த வலி, பசி எல்லாமே அதற்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. மலச்சிக்கல் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, "கேஸ்ட்ரிக்" என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. விளைவு, பிரச்சினை கீழே இருக்கும்போது மருந்து மேலே போகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைப் பார்மசியில் வாங்கி மாதக்கணக்காக விழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இரைப்பைப் புண்ணைப் பற்றியும் வீடுகளில் ஒரு கதை இருக்கிறது: உறைப்புச் சாப்பிட்டால் வரும், பட்டினி கிடந்தால் வரும். உலகமே அப்படித்தான் நம்பியிருந்தது. அவுஸ்திரேலியாவில் ரொபின் வொரனும் பரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தப் பற்றீரியா வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்ணுக்கு அந்தப் பற்றீரியாவும், சில வகை வலி மாத்திரைகளுமே பிரதான காரணங்கள். இரண்டாவது எங்கள் வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது. மாதத்தில் வரும் வலிக்காக இபுபுரூபன், மெபனமிக் அமிலம் போன்றவற்றை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வருகிறோம். அந்த மாத்திரைகள் வலியை உண்டாக்கும் பொருளைக் குறைக்கும்போது, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்குத் தேவையான பொருளையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. அதனால்தான் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கச் சொல்கிறார்கள். இதை உம்மாமார் மகள்மாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், காரணமில்லாமல் நிறை குறைந்தால், வாந்தியில் இரத்தம் வந்தால், மலம் தார் போலக் கறுத்தால் பார்மசியில் நிற்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

"நோன்பு பிடிக்கும்போது மட்டும் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாங்குகிறீர்களே, இரண்டு மணித்தியாலம் பிந்திச் சாப்பிட்டால் என்ன?" என்று ஒரு கேள்வி எங்கள் வீடுகளில் வரும். நல்ல கேள்விதான். நோன்பில் ஸஹர் இருக்கிறது. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது நிமிடக்கணக்கில் தெரியும். வீடு முழுவதும், ஊர் முழுவதும் அந்த நேரசூசிக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நோன்பு திறந்ததும் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு அரிசியும் பூண்டும் வெந்தயமும் கரைந்து கிடக்கும் கஞ்சி. நீண்ட ஓய்வில் இருந்த இரைப்பைக்கு அதைவிட இதமான வரவேற்பை ஒரு வைத்தியரும் எழுதித் தர முடியாது. அதன் தலையிலேயே சமூசாவையும் கட்லட்டையும் ரோல்ஸையும் ஏற்றுவது நாங்கள் பிறகு சேர்த்துக்கொண்டது. கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்கு ஓமோன் செய்தி போகும், கதவு இறுகும். தராவீஹில் நின்றுகொண்டு ஏப்பம் விடுவது இதனால்தான். வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. வழமையான பாடசாலை நாளிலோ ஸஹரும் இல்லை, இப்தாரும் இல்லை. சில நாள் பத்தரைக்கு, சில நாள் இரண்டு மணிக்கு, சில நாள் ஏழுக்கு என்று வயிறு எதையும் எதிர்பார்க்க முடியாத ஒழுங்கீனம்தான் இருக்கிறது.

சரி, பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள், தண்ணீரும் குடிக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்குத் தேவை வரும்போது எங்கே போவாள்? இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஒரு பிரத்தியேக வகுப்புக் கட்டடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மலசலகூடம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கதவின் கொண்டி உடைந்திருந்தது, உள்ளே வாளி இல்லை. அந்த வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் வைத்திருப்பார்கள். போகத் தேவை வராமல் இருக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இருக்க வேண்டும், இது எங்களுக்குள் யாரும் கற்றுத் தராமலே பரவிய ஒரு முறை. சிறுநீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் தலையிடியும் அதன் பின்னால் வருகின்றன. மகளை எந்த ஆசிரியரிடம் சேர்ப்பது, கடந்த வருடம் அவரிடம் எத்தனை பேர் ஏ எடுத்தார்கள் என்று விசாரிக்கும் வாப்பாமார், அந்தக் கட்டடத்தின் மலசலகூடத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டினால் எவ்வளவு நல்லது. மாதக் கட்டணம் கொடுப்பவர்கள் கேட்டால் கொண்டி ஒரு வாரத்தில் பொருத்தப்படும்.

பாடசாலைகளிலும் இரண்டு விடயங்கள் மாறலாம். பாடத்தின் நடுவே எழுந்து போக அனுமதி கேட்கும் பிள்ளையிடம், நாற்பது பேர் முன்னிலையில் "இடைவேளையில் என்ன செய்தாய்?" என்று கேட்கக் கூடாது. இடைவேளையில் அவள் கென்டீன் வரிசையில் நின்றாள். இருபது நிமிடத்தில் எட்டு நிமிடம் அதில் போய்விட்டது. மலசலகூட வரிசையிலும் நின்றால் சாப்பிட நேரமில்லை, சாப்பிட்டால் அந்த வரிசைக்கு நேரமில்லை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலையில் பதினொரு வயதுப் பிள்ளையை நிறுத்திவிட்டு, மென்று சாப்பிடு என்று சுகாதாரப் பாடத்தில் சொல்லிக் கொடுப்பதில் என்ன பொருள்? மெல்லாமல் விழுங்கும் உணவோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. உமிழ்நீர் அமிலேசு செய்ய வேண்டிய வேலை அரைகுறையாக நிற்கிறது. பிற்பகல் முழுதும் வயிறு ஊதிக்கொண்டிருக்கிறது.

மற்றையது இரண்டாவது இடைவேளை. காலை ஒன்பதேகால் அளவில் பதினைந்து நிமிடம் கிடைத்தால், வீட்டில் சாப்பிட முடியாமல் வந்தவள் இரண்டு இடியப்பத்தையாவது அமர்ந்து சாப்பிடலாம், சாப்பிட்டு வந்தவள் தவறவிட்ட அந்தக் காலை நேரத்தைக் கொஞ்சம் பிந்தியாவது பிடித்துக்கொள்ளலாம். பாடத்திட்டம் முடியாது, நேரம் போதாது என்பார்கள். கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளைகள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்தைக் குறைத்தால் பதினாறு நிமிடம் வருகிறது. ஒரு பாடம் முடிந்து அடுத்த ஆசிரியை வகுப்புக்குள் வந்து சேர்வதற்கே அதைவிடக் கூடுதலான நேரம் போகிறது என்பது இதை வாசிக்கும் மாணவிகள் எல்லோருக்கும் தெரியும்.